இரண்டாவது தாளை எழுதியவர்

சிட்டிபா
14 பிப்ரவரி 2004

அன்புத் தம்பி இப்யானாவுக்கு,

நீ நன்றாக இருந்தால் நாங்களும் நன்றாக இருக்கிறோம். மலாவியின் இந்த வடகோடியில் மழை விட்டபாடில்லை. தபால் நிலையத்துக்கு முன்னால் நின்ற தொலைபேசிக் கம்பம் போன வாரம் சரிந்துவிட்டது. நிமிர்த்துவதற்குக் கரோங்காவிலிருந்து ஆள் வர வேண்டுமாம். பாதை காய்ந்தால்தான் ஆள் வருவாராம். அதுவரை உனக்கும் எனக்கும் கடிதம்தான்.

எங்கள் பெண்கள் பள்ளிக்கு ஸ்காட்லாந்துத் திருச்சபையார் பதினோரு பழைய கணினிகளை அனுப்பிவைத்திருக்கிறார்கள். தங்கள் ஊர் ரகசியம் எதுவும் சிட்டிபாவுக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று, உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க்குகளை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டார்கள். நான் பல் பிடுங்கிக்கொண்டு படுத்திருந்த அன்றைக்கு ஆசிரியர் கூட்டம் நடந்தது. கணினிகளுக்குப் பொறுப்பாளராக என்னை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். நான் புவியியல் டீச்சர் என்பது அன்று யாருக்கும் நினைவில் இல்லை.

பள்ளிக் குழுத் தலைவர் சில்விம்பாவை உனக்குத் தெரியும். ஆண்கள் பள்ளியின் தலைமையாசிரியர் அவருடைய அக்கா மகன். "பொம்பளப் புள்ளைங்க கிட்ட இருந்தா தூசிதான் படியும்" என்கிறார். ஜூன் கடைசியில் சபையார் பார்வையிட வருகிறார்கள். அன்றைக்கு இவை ஓடவில்லையென்றால் பதினொன்றையும் ஆண்கள் பள்ளிக்கு ஏற்றிவிடுவாராம்.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது, லிம்பேயில் நீ வேலை செய்கிற கணினிக் கடையில் உன்னைக் கேட்காமல் ஒரு திருகாணிகூடக் கழற்ற மாட்டார்கள் என்று சொன்னாயே. இப்போது நான் கேட்கிறேன். என்ன செய்ய வேண்டும்?

உனக்கு முப்பத்து நாலு ஆகிறது. வேறு சேதி இருந்தால் எழுது. இல்லாவிட்டாலும் எழுது.

உன் அக்கா,
துசெகிலே

*

லிம்பே
2 மார்ச் 2004

அன்புள்ள அக்கா,

உன் பல் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். நான் சௌக்கியம்.

இதற்காகவா கவலைப்படுகிறாய்? படுத்துக்கொண்டே செய்கிற வேலை. இத்துடன் ஒரு சிடி இருக்கிறது. லினக்ஸ் என்று பெயர். இதற்கு ஹார்ட் டிஸ்க் வேண்டாம். சிடியிலிருந்தே கணினி எழுந்து நடக்கும். செருகு, பொத்தானை அமுக்கு, தேநீர் போட்டுக் குடி. குடித்து முடிப்பதற்குள் தயாராகியிருக்கும். சிடியை என் கையாலேயே தயாரித்தேன். கடையில் எல்லோரும் சந்தேகத்துக்கு என்னிடம்தான் வருவார்கள், உனக்குத்தான் தெரியுமே.

சில்விம்பாவிடம் சொல், லாரிக்கு முன்பணம் கொடுத்துவிட வேண்டாம் என்று.

வேறு சேதி இல்லை.

உன் தம்பி,
இப்யானா

*

சிட்டிபா
20 மார்ச் 2004

அன்புத் தம்பிக்கு,

நலம்தானே? என் பல் ஆறிவிட்டது, மனம்தான் ஆறவில்லை.

செருகினேன், அமுக்கினேன், தேநீர் குடித்தேன். திரையில் ஒரு வரி வந்தது: இதில் இயங்குதளம் இல்லை, சரியான தட்டைப் போட்டுவிட்டு ஏதாவது ஒரு விசையை அமுக்கு. அமுக்கினேன். மறுபடியும் அதே வரி. தலைமையாசிரியை திருமதி கயாங்கே பக்கத்தில் நின்று ஜெபித்தார். அதற்கும் அதே வரிதான். பதினோரு கணினியும் ஒரே பேச்சாக நின்றன. ஆசிரியர் கூட்டத்தில்கூட இவ்வளவு ஒற்றுமையை நான் பார்த்ததில்லை.

பள்ளி ஜெனரேட்டர் காலையில் மட்டும்தான் ஓடும். அந்த நேரமெல்லாம் இப்படியே போகிறது. மாவட்டக் கல்வி அலுவலகக் கணினியில் உன் சிடியைப் போட்டுப் பார்த்தேன். உள்ளே ஒரே ஒரு கோப்பு இருக்கிறது. அவ்வளவுதான் இருக்க வேண்டுமா?

சில்விம்பா வந்து எட்டிப் பார்த்தார். "டீச்சர், ராத்திரியில கோழி அடைக்கிறதுக்கு நல்லா இருக்குமே" என்றார். சிரித்துவைத்தேன். நீ சீக்கிரம் எழுது.

துசெகிலே

*

லிம்பே
6 ஏப்ரல் 2004

அன்புள்ள அக்கா,

நலம். சிடியில் தூசி படிந்திருக்கும். சிட்டிபாப் பாதை அப்படி. வேறு சிடி அனுப்புகிறேன். செய்ய வேண்டியதைத் தனித் தாளில் எழுதவைத்திருக்கிறேன். என் கையெழுத்து உனக்குப் புரியாமல் போகக் கூடாதென்று, கடையில் கையெழுத்து நன்றாக இருக்கிற ஒருவரிடம் கொடுத்து எழுதவைத்தேன். சொன்னது நான்.

இப்யானா

(இரண்டாவது தாள், வேறு கையெழுத்தில்)

டீச்சருக்கு வணக்கம். முதல் சிடி ஓடாததற்கு நீங்களும் காரணமில்லை, தூசியும் காரணமில்லை. அந்தக் கோப்பைச் சிடியில் விரித்து எழுதியிருக்க வேண்டும். மூடியபடியே உள்ளே போட்டுவிட்டார்கள். சாப்பிட உட்கார்ந்தவர் முன்னால் ந்சிமாக் களியைக் கிண்டி வைக்காமல், கட்டுப் பிரிக்காத மாவு மூட்டையைக் கொண்டுபோய் வைத்தது போல. கணினி திரும்பத் திரும்பக் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

புதிய சிடியைப் போடுங்கள். கணினியைப் போட்டவுடன் டெலீட் விசையை விட்டு விட்டுத் தட்டிக்கொண்டே இருங்கள். நீலத் திரை வரும். பயப்பட வேண்டாம். எங்கே முதலில் தேட வேண்டும் என்ற வரிசை அதில் இருக்கும். சிடியை முதலிடத்துக்கு ஏற்றி, சேமித்துவிட்டு வெளியே வாருங்கள். பிறகு 'பூட்' என்ற ஒரு சொல் வந்து அப்படியே நிற்கும். அது உங்களுக்காகத்தான் காத்திருக்கிறது. என்டர் விசையை அமுக்குங்கள். அமுக்காவிட்டால் அது மரியாதையாக மாலை வரை நிற்கும்.

*

சிட்டிபா
25 ஏப்ரல் 2004

அன்புத் தம்பிக்கு,

சுகம்தானே? மழை ஓய்ந்தது. பீன்ஸ் காய்ந்துகொண்டிருக்கிறது.

தாளில் சொன்னபடியே செய்தேன். நீலத் திரை வந்தது, பயப்படவில்லை. 'பூட்' வந்தது, அமுக்கினேன். ஒரு பென்குயின் படம் வந்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். பிறகு எழுத்துகள் எறும்புச் சாரையாக ஓடி, சட்டென்று நின்றன. கடைசி வரியை நான் வாய்விட்டுப் படித்ததுதான் தப்பு. 'கெர்னல் பேனிக்' என்றிருந்தது. கயாங்கே அம்மாவுக்கு 'பேனிக்' என்ற சொல் மட்டும் காதில் விழுந்திருக்கிறது. "யாரும் ஓடாதீங்க, நடந்து போங்க" என்று சொல்லிக்கொண்டே அவர்தான் முதலில் ஓடினார். மதியச் சாப்பாடு வரை மொத்தப் பள்ளியும் மாமரத்தடியில் நின்றது.

பீதி எனக்கா, கணினிக்கா? அதைச் சொல்.

இன்னொன்று. பதினெட்டு வருடமாக நோட்டுத் திருத்துகிறேன். உன் எழுத்து சேற்றில் கோழி நடந்தது போல இருக்கும் என்பது தெரிந்ததே. ஆனால் அந்த இரண்டாவது தாளில் இருப்பது கையெழுத்து மட்டுமில்லை. நீ சொல்லி எழுதியிருந்தால் அதில் "பயப்பட வேண்டாம்" என்ற சொல் வந்திருக்காது. யார் அது?

மிசுகு மலைக் காப்பித்தூள் ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். உனக்கில்லை. அந்தக் கைக்கு.

துசெகிலே

*

லிம்பே
12 மே 2004

அன்புள்ள அக்கா,

நலம். காப்பி நன்றாக இருந்தது.

பீதி கணினிக்குத்தான். விவரம் தாளில்.

கடையில் வேலை அதிகம். எனிஃபா மக்வின்ஜா என்று ஒரு பெண் இங்கே பழுது பார்க்கும் மேசையில் இருக்கிறார், பாலிடெக்னிக்கில் படித்தவர். வேலையில் பரவாயில்லை. வேலை செய்யும்போது மெல்லப் பாட்டு முனகுவார், அது முழுப் பாட்டாக ஒருநாளும் வராது. அவித்த மரவள்ளிக்கு உப்புப் போடாமல் சாப்பிடுவார். மஞ்சள் குடை வைத்திருக்கிறார். நேற்று அதை மறந்துவிட்டுப் போய்விட்டார், நான் மினிபஸ் நிறுத்தம் வரை ஓடிப்போய்க் கொடுத்தேன். இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்றால், கடையில் யார் யார் இருக்கிறார்கள் என்று நீ கேட்டது போல ஞாபகம்.

வேறு சேதி இல்லை.

இப்யானா

(இரண்டாவது தாள்)

டீச்சருக்கு வணக்கம். மாமரத்தடிக் கதையை உங்கள் தம்பி மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். படித்துவிட்டேன், மன்னிக்கவும். இரண்டு முறை படித்தேன்.

அது நினைவகம் போதாமல் வந்த பீதி. ஹார்ட் டிஸ்க் இல்லாததால் எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொண்டே ஓட வேண்டியிருக்கிறது. ஒரு கணினியிடம் இருக்கிற நினைவு அதற்குக் காணாது. ஆகவே ஒன்றின் நினைவகத்தைக் கழற்றி இன்னொன்றில் சேருங்கள். சீப்பு மாதிரி ஒரு பச்சைத் துண்டு, இரண்டு பக்கமும் வெள்ளைக் கொக்கி. தொடுவதற்கு முன் பெட்டியின் இரும்பை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள். பதினொன்று ஐந்தாகும், ஒன்று தனியாக நிற்கும். ஐந்து ஓடினால் போதாதா?

காப்பிக்கு நன்றி. பொட்டலத்தில் பாதிதான் என் மேசைக்கு வந்து சேர்ந்தது.

*

சிட்டிபா
30 மே 2004

அன்புத் தம்பிக்கு,

நீயும் கடையில் எல்லோரும் நலம் என்று நம்புகிறேன்.

நினைவகத்தைச் சேர்த்தோம். ஓரளவு முன்னேற்றம். ஆனால் புதிதாக ஒரு கோளாறு. மௌஸை வலப்பக்கம் தள்ளினால் அம்பு இடப்பக்கம் போகிறது. திங்கட்கிழமைகளில் மட்டும்.

இதை நீயாகத் தீர்த்துவைக்க முயல வேண்டாம். இரண்டாவது தாளை எழுதுகிறவரிடம் அப்படியே காட்டு. கூடவே இதையும் அவரிடம் கேட்டுச் சொல்: அவருக்குச் சொந்த ஊர் எது, வயது என்ன, குளிர் ஒத்துக்கொள்ளுமா, சபைக்குப் போகிறவரா? கோளாறைச் சரியாகப் புரிந்துகொள்ள இதெல்லாம் தேவைப்படுகிறது.

பீன்ஸ் ஒரு பையும் காப்பி இரண்டு பொட்டலமும் அனுப்பியிருக்கிறேன். பொட்டலத்தின் மேல் பெயர் எழுதியிருக்கிறேன். பெயரைப் பார்த்துக் குடி.

துசெகிலே

*

லிம்பே
16 ஜூன் 2004

அன்புள்ள அக்கா,

நலம். இங்கே ஒரே சிப்பெரோனிக் குளிர்த் தூறல், துணி காயவில்லை.

திங்கட்கிழமை மௌஸ் என்ற ஒன்றை நான் கேள்விப்பட்டதே இல்லை. எனிஃபாவிடம் காட்டினேன். அவர் உன் கடிதத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடை முழுவதற்கும் வாசித்துக் காட்டினார். வாசிக்கும்போது என்னைப் பார்த்து ஏன் சிரித்தார் என்று தெரியவில்லை. மாலையில் மினிபஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்து இந்தக் கோளாறைப் பற்றி விவாதிக்கிறோம். ஒன்பது நாளாக விவாதம் நடக்கிறது.

அவர் எழுதியிருக்கும் வைத்தியம் இணைப்பில் இருக்கிறது. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. ஆனால் அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

சபையார் வருகிற நாள் நெருங்குகிறது. சில்விம்பா என்ன சொல்கிறார்? நீ அதைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை. எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்யானா

(இரண்டாவது தாள்)

டீச்சருக்கு வணக்கம். மேசையைக் கிழக்குப் பார்த்துப் போடுங்கள். மூன்று திங்கட்கிழமை பொறுமையாக இருங்கள். மௌஸிடம் கடுமையாகப் பேச வேண்டாம்.

நான் முலான்ஜே பக்கம். வயது முப்பத்தொன்று. குளிர் பிடிக்கும். சபைக்குப் போவேன், ஆனால் பாடச் சொன்னால் வெளியே வந்துவிடுவேன்.

*

சிட்டிபா
3 ஜூலை 2004

அன்புத் தம்பிக்கு,

நலமா? மேசையைக் கிழக்குப் பார்த்துப் போட்டதில் மௌஸ் பாதி குணம்.

இப்போது வேறொன்று. வேலை மும்முரமாக நடந்துகொண்டிருக்கும்போதே சிடித் தட்டு தானாக வெளியே நீட்டுகிறது. கயாங்கே அம்மா அறைக்குள் வரும்போதெல்லாம் இப்படி நடக்கிறது. எழுந்து வணக்கம் சொல்வது போல இருக்கிறது. அவருக்கு அது பிடித்திருக்கிறது என்றாலும் பாடம் கெடுகிறது.

சில்விம்பா நலம்.

உன் விவாதம் எந்த மட்டில் இருக்கிறது? விரிவாக எழுது. தூறலில் நனைந்து காய்ச்சல் வாங்கிக்கொள்ளாதே.

துசெகிலே

*

லிம்பே
21 ஜூலை 2004

மதிப்புக்குரிய டீச்சர் அவர்களுக்கு,

நீங்கள் நலமாக இருப்பீர்கள். நானும் நலம். இந்தக் கடிதத்தை உங்கள் தம்பிக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

சிடியிலிருந்து ஓடுகிற கணினி தன் தட்டைத் திறக்கவே விடாது. உள்ளே பூட்டிக்கொள்ளும். வெளியே இருக்கும் பொத்தானை அமுக்கினாலும் வராது. கயாங்கே அம்மா வந்தாலும் வராது. ஆகவே உங்கள் கணினிகளுக்கு எந்தக் கோளாறும் இல்லை. இது எனக்கு மௌஸ் கடிதத்திலேயே தெரியும். மேசையை நீங்கள் உண்மையாகவே திருப்பியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். நானும் சேர்ந்து விளையாடிவிட்டேன். உங்கள் கடிதம் வருகிற நாளில் கடையில் வேலை இலேசாக இருக்கிறது.

நீங்கள் எதற்காகச் செய்கிறீர்கள் என்பதும் புரிகிறது. ஆனால் பலன் இல்லை. அவர் தினமும் நிறுத்தம் வரை வருகிறார். வழியெல்லாம் உங்கள் மௌஸைப் பற்றியேதான் பேச்சு. ஒருநாள் குடையை முழுவதும் என் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடி, "எனிஃபா" என்றார். நான் நின்றுவிட்டேன். மினிபஸ்ஸைக்கூடப் போகவிட்டேன். "அந்த அம்பு இடப்பக்கம் போறது ஜெனரேட்டர் மின்சாரத்தால இருக்குமோ" என்றார்.

நான் வாய் திறந்து கேட்டுவிடலாம். ஆனால் அவர் கடையில் வாடிக்கையாளரிடம் பேசுவதைப் பார்த்திருக்கிறேன். யாராவது முந்திக்கொண்டால் அப்படியே அமைதியாகிவிடுவார். அவராகச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது.

எனக்கு ஆகஸ்டில் விடுமுறை இருக்கிறது. ஆளே நேரில் வந்தால்தான் தீரும் என்கிற மாதிரி ஒரு பெரிய கோளாறு உங்களிடம் இருக்கிறதா?

எனிஃபா மக்வின்ஜா

*

சிட்டிபா
4 ஆகஸ்ட் 2004

அன்புள்ள எனிஃபாவுக்கு,

நீ நலமாக இருந்தால் எனக்கு இங்கே எல்லாமே நலம். டீச்சர் வேண்டாம், அக்கா என்றே எழுது.

மேசையைத் திருப்பவில்லை. ஆனால் திருப்பலாமா என்று ஒருமுறை யோசித்தேன்.

நீ சொன்னபடி நினைவகத்தைச் சேர்த்த அன்றைக்கே ஐந்தும் ஓடிவிட்டன. எழுதியதை அணைத்ததும் மறந்துவிடுகின்றன. என் புவியியல் வகுப்புக்கு அது பழக்கமானதுதான், ஃபிளாப்பியில் சேமிக்கக் கற்றுக்கொண்டோம். சபையார் வந்த அன்று நான்காம் படிவப் பிள்ளைகள் ஐந்து கணினியிலும் மலாவி வரைபடம் வரைந்து காட்டினார்கள். சில்விம்பா லாரியோடுதான் வந்திருந்தார். "எங்க, நானும் பாக்கறேன்" என்று கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு மாணவி அதில் சீட்டாட்டத்தைத் திறந்து வைத்தாள். சபையார் வரவேற்புரைக்காக மண்டபத்தில் காத்திருந்தார்கள். தலைவர் சீட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். டீசல் தீர்ந்து ஜெனரேட்டர் நின்றபோதுதான் எழுந்தார். லாரி வெறுமையாகப் போனது. இப்போது இந்தக் கணினிகளைப் போராடி வாங்கித் தந்ததே தான்தான் என்று ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் மறுக்கவில்லை. டீசலுக்கு அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

இதை இப்யானாவுக்கு எழுதவில்லை. எழுதியிருந்தால் உன் மேசைக்கு வர அவனுக்குக் காரணம் இருந்திருக்காது. சின்ன வயதிலிருந்தே அவன் காரணம் இல்லாமல் யாரிடமும் போய் நிற்க மாட்டான். அப்பா அம்மா போன பிறகு அவனை வளர்த்தது நான். பெருமையடித்துக்கொள்ளச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் போலிருக்கிறது, கேட்கச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அவனுக்குத் தனியாக எழுதிவிட்டேன். ஐந்து கணினியும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டன, மூத்த பொறியாளர் எனிஃபா நேரில் வந்தால்தான் உண்டு, கருவிப் பெட்டியைத் தூக்கி வர நீயும் கூட வா என்று. லிம்பேயிலிருந்து கரோங்காவுக்கு இரண்டு நாள் பஸ். வேறு பேச்சு வராமலா போய்விடும்?

அறைக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறேன். கம்பளி கொண்டு வா.

உன் வரவை எதிர்பார்க்கும்
துசெகிலே

*

கரோங்கா
23 ஆகஸ்ட் 2004

அக்கா,

நலம். இதைச் சிட்டிபா போகிற சைக்கிள்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். அவர் நாங்கள் வரும் லாரிக்கு முன்னால் வந்துவிடுவார் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

பஸ்ஸில் இரண்டு நாளும் உன் கணினிகளைப் பற்றித்தான் பேசினேன். என்னென்ன காரணம் இருக்கலாம் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்துக்கொண்டு வந்தார். இன்று மதியம் ஏரிக்கரையில் வறுத்த மீன் வாங்கிச் சாப்பிட உட்கார்ந்தோம். நான் மறுபடியும் அந்தச் சிடித் தட்டு விஷயத்தை ஆரம்பித்தேன். அவர் மீனைக் கீழே வைத்தார்.

"தட்டு நல்லாத்தான் இருக்கு இப்யானா. அஞ்சும் நல்லா ஓடுது. மே மாசத்துலேருந்து ஓடுது. உங்க வாய்தான் திறக்க மாட்டேங்குது."

நீ, அவர், அந்தத் திங்கட்கிழமை மௌஸ், எல்லாம் வரிசையாகப் புரிந்தது. கோபம்தான் வந்திருக்க வேண்டும். எழுந்து தண்ணீர் வரைக்கும் நடந்தேன். செருப்பு நனைந்தது. திரும்பி வந்து, முதல் சிடியைக் கெடுத்தது நான்தான் என்றேன். "அது கடைக்கே தெரியும்" என்றார். அந்தத் தாள்களில் ஒரு வரிகூட நான் சொல்லி எழுதவில்லை என்றேன். "எழுதினவளுக்குத் தெரியாதா" என்றார். பிறகு சொல்வதற்கு வேறு எதுவும் மிச்சம் இல்லை. ஒன்றுதான் இருந்தது. அதைச் சொன்னேன். மீன்காரம்மா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனிஃபா பதில் சொல்வதற்குள் அந்த அம்மாவே, "சரின்னு சொல்லும்மா, மீன் ஆறுது" என்றார். எனிஃபாவும் சரி என்றார்.

முறைப்படி முலான்ஜேக்குப் போய்ப் பேச நம் பக்கத்தில் பெரியவர்கள் வேண்டும். மாமாக்களுக்கு நீதான் எழுத வேண்டும். நான் எழுதினால் அவர்களுக்குப் புரியாது.

லாரி கிளம்பப்போகிறது. ஏற்றியிருப்பது முழுக்கச் சிமென்ட். டிரைவர் பக்கத்தில் ஒரே இடம்தான் இருந்தது. அதை எனிஃபாவுக்குக் கேட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு, நான் மேலே மூட்டைகள் மேல் ஏறி உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இப்போது பார்த்தால் அவர் இறங்கிச் சுற்றிவந்து, குடையை என்னிடம் நீட்டிவிட்டு, சக்கரத்தில் கால் வைத்து மேலே ஏறிக்கொண்டிருக்கிறார். நாங்கள் வந்து இறங்கும்போது தலையோடு கால் வெள்ளையாக இருப்போம். வாசலில் நின்று சிரிக்காதே. வெந்நீர் போட்டு வை.

இப்யானா